பழைய இன்சூரன்ஸில் ஒரு ஆள் இருப்பார்

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நீ எனக்கு மரியாதை தருவதும் தராமல் விடுவதும் உன் பாடு. மொன்றியலில், வில்லரேயில் நாங்கள் வைத்திருந்த ட்ரை கிளீனிங் கடைக்குக் கீழே மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க, முகமூடி போட்ட இரண்டு பேர் துளை போடும் யந்திரத்தோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் நிலவறைக்குள் இறங்கியதும் மூக்கைச் சுருக்கி, இந்த மணம் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அது நல்ல மணம், சுத்தமான உடுப்பின் மணம், இரண்டு நாள் லீவில் போனாலே அது இல்லாமல் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஆழமாக ஒரு மூச்சு இழுப்பேன் என்று என்னுடைய பிரெஞ்சில் சொல்லி, இழுத்தும் காட்டினேன். அவன் அதையும் குறித்துக்கொண்டான். பிறகு வந்த அறிக்கையில், கடையின் உரிமையாளரான பெண்மணி இந்த மணத்தை விரும்புவதாகத் தெரிவித்தார் என்று ஒரு வரி இருந்தது. அந்த அறிக்கையை வாசித்த ஒவ்வொரு லோயரும் அந்த வரி வந்ததும் தலையை நிமிர்த்தி ஒருமுறை என்னைப் பார்த்தார்கள். எங்கள் உழைப்பின் வாசனை என்று நான் இத்தனை காலம் மூக்கு நிறைய இழுத்து மகிழ்ந்தது, மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்த ரசாயனத்தை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் ரொறன்ரோவில் உன் மச்சாளின் கலியாண வீட்டில் நீ பேசியதைக் கேட்டுக்கொண்டு நான் பின்னால் கேசரித் தட்டோடு நின்றேன். நீயும் உன் சிநேகிதனும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பழைய கார் கராஜை வாங்கப் போகிறீர்கள், அதன் மண்ணுக்குள் அந்தக் காலத்து எண்ணெயெல்லாம் ஊறிக் கிடக்கிறது, அதனால்தான் மலிவு, ஆனால் பயமில்லை என்று சொன்னாய். "எங்கட அம்மா பழைய இன்சூரன்ஸ் ஒண்டைத் தோண்டி எடுத்து, துப்புரவாக்கிற செலவை அவங்களைக் கொண்டே கட்டுவிச்சவ. நாங்களும் அதையே செய்வம்" என்றாய். சுற்றி நின்ற பெடியங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேசரி முடியும்வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மொன்றியலுக்குத் திரும்பும் பஸ்ஸில் கிங்ஸ்டன் தாண்டும்போது அந்தப் பெருமை புளிக்கத் தொடங்கியது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "பேந்து கதைக்கிறன் அம்மா" என்பாய். அந்தப் பேந்து இன்னும் வரவில்லை. அது நடந்த நாட்களில் நீ ஒன்ராறியோவில் படித்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்தது முடிவு மட்டும்தான். முடிவை மட்டும் கேட்டால் எல்லாக் கதையும் சுகமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு முன்னால் அந்தக் கடையை வைத்திருந்த கஸ்தோனை உனக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் நீ பார்த்தவர் வேறு, நான் பார்த்தவர் வேறு. உனக்கு அவர், பின் ஒழுங்கையில் உன் ஸ்கேட் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, நீ விழுந்ததும் உன்னை விட்டுவிட்டு ஐஸைத் திட்டிய பெரிய மனிதர். இந்த ஊரில் கெட்ட வார்த்தை என்றால் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நீ முதல் வகுப்பில் பென்சில் முறிந்ததற்கு ஒரு பூசைப் பெட்டி, ஒரு பூசைக் கிண்ணம், ஒரு திரு அப்பம் என்று வரிசையாக எடுத்துவிட, டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் அப்பா அதையெல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளை பக்தியாத்தானே கதைச்சிருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கஸ்தோன் யார் என்றால், அகதியாக வந்து ஒரு சொல் பிரெஞ்சும் தெரியாமல் நின்ற என்னை ஸ்திரிக்கை மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, கொலரை எப்படிப் பிடிப்பது என்று கையைப் பிடித்துக் காட்டி வேலை தந்தவர். அவருடைய மகள் நிக்கோல் நர்ஸாகப் போய்விட்டாள். கடை அவளுக்கு வேண்டாம். கட்டடத்தோடு கடையை விற்க அவர் நினைத்தபோது நாங்கள் வாங்கக் கடன் கேட்டுப் போனோம், வங்கிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கஸ்தோன், "எனக்கே மாதம் மாதம் கட்டு, நீ ஓடினால் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும், என் கடைக்கு மேலேதானே குடியிருக்கிறாய்" என்றார். விற்றபிறகும் அவர் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நான் தேய்க்கும் கொலர்களில் பிழை பிடித்துக்கொண்டிருந்தார். கடை எங்களுடையது, பேச்சு அவருடையது. அப்படியே வருடங்கள் போயின.

பிறகு எங்களுக்கு இயலாமல் வந்தது. பெரிய நோய் ஒன்றுமில்லை. நீராவிக்குள் நின்று நின்று இரண்டு பேரும் தேய்ந்துபோய்விட்டோம். நீயும் இந்தத் தொழிலுக்கு வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். கட்டடத்தை விற்றுவிட்டு எங்காவது ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் காலை நீட்டி இருக்கலாம் என்று முடிவெடுத்தோம். எங்களுக்குப் பென்சன், சேமிப்பு, வயதுகாலத்துக்கு வைத்தது எல்லாமே அந்தச் செங்கல் கட்டடம்தான். வாங்க ஆளும் வந்தார். அவருடைய வங்கி, ட்ரை கிளீனிங் நடந்த இடம் என்றால் மண்ணைச் சோதிக்காமல் கடன் தரமாட்டோம் என்றது. அப்போதுதான் அந்த முகமூடிக்காரர்கள் வந்து, நான் மூச்சிழுத்துக் காட்டியதெல்லாம் நடந்தது. முடிவு வந்ததும் வாங்க வந்தவர் நலம்கூட விசாரிக்காமல் போய்விட்டார். அந்த நிலத்தைத் தோண்டித் துப்புரவாக்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். துப்புரவாக்கும் செலவோ கட்டடம் போகும் விலையை விடக் கூட. உன் அப்பா அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப நாங்கள் சாகுமட்டும் இதிலதான் நிண்டு தேய்க்க வேணும்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு உடனே எழுந்து போய்த் தேய்க்கத் தொடங்கினார்.

நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை கஸ்தோனிடம் சொன்னோம். அவர் கதிரையில் இருந்தபடியே, அந்த நாட்களில் மெஷினில் மிஞ்சும் கறுப்புச் சாறை வாளியில் எடுத்துப் பின்கதவால் மண்ணில் ஊற்றுவார்கள், எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான், மண் குடித்துவிடும் என்று ஊற்றும் கையசைவோடு விளக்கினார். யாரும் கூடாது என்று சொல்லவில்லையாம். பின்வளவில் அந்த இடத்தில் புல் ஏன் முளைக்கவில்லை என்று நான் வருடக்கணக்காக விதை போட்டுக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மண்ணைத்தான் குறை சொன்னோம்.

நாங்கள் பிடித்த லோயர் ஒரு சின்னப் பெண். இவள் என்னத்தைக் கிழிப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் சொந்த இன்சூரன்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினாள். மண் மாசுபட்டால் தரமாட்டோம் என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம், இந்தக் காலத்து இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் அப்படித்தானாம். பிறகு, கஸ்தோன் கடை நடத்திய காலத்தில் அவரிடம் இன்சூரன்ஸ் இருந்ததா என்று கேட்டாள். அந்தக் காலத்துப் பத்திரங்களில் மாசுக்குத் தரமாட்டோம் என்ற வசனம் இல்லையாம். அந்த வருடங்களில் நடந்த சேதம் இன்றைக்குத்தான் தெரியவந்தாலும், அன்றைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்த கம்பனி பொறுப்பேற்க வேண்டுமாம். காலம் முடிந்த இன்சூரன்ஸ் பழுதான பால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது ஊறுகாய் என்று அவள் சொல்கிறாள். ஆனால் எந்தக் கம்பனி என்று தெரிய வேண்டும். கஸ்தோனைக் கேட்டால், நல்ல கார் வைத்திருந்த ஒரு மொட்டைத் தலையர் வருவார், நல்ல மனிதர், செத்துப்போனார் என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் உன் அப்பாவின் பக்தி உதவியது. கடையை வாங்கியபோது கொதிகலன் அறைச் சுவரில் மாதா படம் போட்ட ஒரு பழைய காலண்டர் தொங்கியது உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. எழுபதுகளில் வந்தது. மற்றதையெல்லாம் கழற்றி எறிந்த உன் அப்பா, சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று அதைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்குக் காட்டும் கற்பூரம் மாதாவுக்கும் உண்டு. அந்தக் கிழமை கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இஞ்சேர், மாதாவின்ர காலடியில ஒரு பேர் கிடக்கு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு இன்சூரன்ஸ் தரகரின் பெயர். கஸ்தோன் சொன்ன மொட்டைத் தலையர்தான். அவருடைய தொழிலை ஒரு பெரிய தரகுக் கம்பனி விழுங்கியிருந்தது. அவர்களுடைய பழைய கோப்புகளுக்குள் கஸ்தோனின் பத்திரப் பிரதிகள் அப்படியே இருந்தன. இத்தனை வருடம் நாங்கள் கற்பூரம் காட்டியது மாதாவுக்கா, அந்தத் தரகருக்கா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. யாராக இருந்தாலும் கைவிடவில்லை.

நீ கலியாண வீட்டில் சொன்ன கதை இத்தோடு முடிந்துவிடுகிறது. உண்மைக் கதை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. பத்திரம் கிடைத்த சந்தோஷத்தில் நான் லோயரிடம், இனி அந்தக் கம்பனிக்கு எழுதிக் காசைக் கேட்போம் என்றேன். அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இந்த இன்சூரன்ஸ் உங்களுடையது அல்ல, அவருடையது என்றாள். அவர் வேறொருவருக்குச் சேதம் செய்துவிட்டால் அவருக்காகக் கட்டுகிற இன்சூரன்ஸ். ஆகவே அந்த வேறொருவர் அவர்மேல் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட்டால்தான் அது வாயைத் திறக்கும்.

வழக்கு என்ற சொல் உனக்கு என்ன மாதிரிக் கேட்குமோ தெரியாது. இங்கே பிறந்த உங்களுக்கு அது பல்லுப் பிடுங்கப் போவது மாதிரி ஒரு அலுவல். நானோ ஒரு முழ வேலிக்காக இரண்டு தலைமுறை முகம் பார்க்காமல் இருந்த குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்களில் கோட்டுக்குப் போனால், அதற்குப் பிறகு சாவீட்டுக்கும் போவதில்லை. ஒரு கிழமை கழித்து உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மனிசன்ர காசில்லைத்தானே, கொம்பனிக்காரன்ர காசுதானே" என்றார். ஓம் என்றேன். "அப்ப அவருக்கு நட்டமில்லை" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் எனக்குச் சோறு இறங்குதில்லை?" என்றார். நான் அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன். வேறு வழி இருக்கவில்லை, மகன். இல்லையென்றால் அந்த மெஷினுக்கு முன்னாலேயே எங்கள் காலம் முடிந்துவிடும்.

வழக்குக்கு முன்னால் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்தை லோயர் தயாரித்தாள். அதைக் கோட்டு ஆள் கொண்டுபோய்க் கொடுப்பானாம். நினைத்துப் பார், யாரோ சப்பாத்துப் போட்ட ஒருவன் போய்க் கஸ்தோனின் கதவைத் தட்டி, இன்னார் உங்கள்மேல் வழக்குப் போடுகிறார்கள் என்று நீட்டுவதை. எனக்கு மனம் கேட்கவில்லை. கொடுப்பது எதுவாக இருந்தாலும் எங்கள் கையால் கொடுக்க வேண்டும், வெறுங்கையோடும் போகக்கூடாது. அதனால் அவளிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் வாழைப்பழச் சீப்பு, சுடச்சுடக் கடலை வடை, ஒரு பெட்டி இனிப்பு எல்லாம் வைத்து, நடுவில் அந்தக் கடிதத்தையும் வைத்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "சந்தனமும் வைக்கப்போறியோ?" என்று கேட்டார். வைத்திருப்பேன், முடிந்துபோயிருந்தது. கஸ்தோன் வீட்டுக்குப் போய் இரண்டு கையாலும் தட்டைக் கொடுத்து, இது வெறும் கடதாசி, கம்பனிக்காரனுக்குத்தான், உங்கள்மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, கும்பிடுகிறேன் என்று என் பிரெஞ்சில் நீளமாகச் சொன்னேன். அவர் வடையைக் கடித்துக்கொண்டே என் கன்னத்தில் தட்டி, நீ நல்ல பிள்ளை என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து நான் திரும்பி வரும் வழி முழுக்க அழுதேன்.

லோயரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவளுடைய முகம் தேய்க்காத சட்டை மாதிரிப் போய்விட்டது. வடையா என்று கேட்டாள். ஓம், கடலை வடை என்றேன். பிறகு எனக்கு விளங்கும் சின்னச் சின்ன வசனங்களில் சொன்னாள். கஸ்தோனுடைய பத்திரத்திலேயே, கம்பனியைக் கேட்காமல் பிழையை ஒப்புக்கொள்ளக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. நாளைக்கு அவர் நட்பில் வாய் தவறி, ஓம் நான்தான் ஊற்றினேன், இவர்களுக்குக் கொடுங்கள் என்று எங்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டாலும், இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று கம்பனி கையை விரித்துவிடும். ஆகவே இது முடியும்வரை அவரைப் பார்க்கக்கூடாது, போன் கூடாது, பண்டிகைக்குப் பலகாரம் கூடாது. அவள் கெட்டவள் இல்லை. அவளும் களைத்துத்தான் சொன்னாள்.

மூன்று வருடம். சனிக்கிழமைகளில் அந்தக் கதிரையை நான் கொதிகலன் அறைக்குள் தூக்கி வைத்தேன். வெறுமனே நின்றால் கண் அங்கேயே போனது. கொலரில் பிழை பிடிக்க ஆளில்லாமல் என் வேலையே கொஞ்சம் மோசமாகிவிட்டது. வழக்கு என்ற செய்தி பவளம் அக்காவுக்குப் போனது என்றால் அது தமிழ்ச் சனம் முழுவதுக்கும் போனது என்று உனக்குத் தெரியும்தானே. கோயிலில் பொங்கல் வாங்கும் வரிசையில் பின்னால் நின்று, "என்னடியப்பா, சோறு போட்ட கிழவனையே கோட்டில ஏத்திப்போட்டியளாம்?" என்றா. நான் இன்சூரன்ஸ் நுணுக்கத்தை விளக்கத் தொடங்கினேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஏத்தினது உண்மைதான்" என்று தொன்னையை வாங்கிக்கொண்டு போய்விட்டா. இன்னொரு நாள் ஜோன் தாலோன் சந்தையில் கஸ்தோன் நிக்கோலின் கையைப் பிடித்துக்கொண்டு சோளம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். உன் அப்பா அந்தப் பக்கம் போக ஒரு அடி வைத்துவிட்டார். நான் அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். இரண்டு கிழடுகள் பூசணிக்காய்க்குப் பின்னால். கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டதால் ஒரு பூசணிக்காயும் வாங்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கிழமை முழுக்க அதைத்தான் தின்றோம்.

பிறகு விசாரணை நாள். நீதிமன்றம் இல்லை, கம்பனி லோயரின் ஆபீஸில் ஒரு நீள மேசை. கஸ்தோனுக்கு உடம்பு இயலாது என்று நிக்கோல்தான் அவர் சார்பில் வந்து எதிரே இருந்தாள். எனக்கு மொழிபெயர்க்க ஒரு பெடியன் வந்தான், சென்னையில் இருந்து படிக்க வந்தவன். நான் ஓம் என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான், நான் எதையோ செபிக்கிறேன் என்று நினைத்தானாக்கும். சத்தியம் செய்வித்துவிட்டு, எப்போது வாங்கினீர்கள், என்ன மெஷின், யார் கழிவை எடுத்துப்போனது என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு அந்தக் கம்பனி லோயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏதோ கேட்டார். கேள்வி பிரெஞ்சிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பெடியன் தமிழில் சொன்னான்: "மேடம், அவர் உங்களுக்கு ஃப்ரெண்டான்னு கேக்குறாங்க."

எங்கள் லோயர் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. பொய் சொல்லாதே என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"அவர் எங்களுக்குக் கடை வித்த ஆள்" என்றேன்.

அவன் அதைச் சொன்னான். அவர் மறுபடி ஏதோ கேட்டார். பெடியன் என் பக்கம் குனிந்து, "அவ்வளவுதானா மேடம்?" என்றான்.

"அவ்வளவுதான்."

அது பொய் இல்லை, மகன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நிக்கோல் தன் கைப்பையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தத் தடவல் என் கண்ணுக்குள் இன்னும் நிற்கிறது. வெளியே வரும்போது பெடியன் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாவும் கடை வச்சிருக்காங்க மேடம்" என்றான். ஏன் சொன்னான் என்று தெரியாது. அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கம்பனி இறங்கிவந்தது. முழுச் செலவும் இல்லை, பெரும்பகுதி. நீ ரொறன்ரோவில் சொன்ன கணக்கு கொஞ்சம் கூட. பின்வளவைத் தோண்டி, மண்ணை மூடிய லொறிகளில் ஏற்றி, எங்கோ அதற்கென்று இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு மரியாதையோடு இந்த நாட்டுக்குள் எங்களையே யாரும் ஏற்றிப்போகவில்லை. குழியை நல்ல மண்ணால் நிரப்பினார்கள், கட்டடம் விலைபோனது, நாங்கள் இந்த அப்பார்ட்மெண்டில் காலை நீட்டினோம். நீட்டின கால் சும்மா கிடக்கிறது. உன் அப்பா இப்போதும் காலையில் எழுந்து என் சேலைகளைத் தேய்க்கிறார்.

உன் கராஜுக்கு வருகிறேன். அதை நடத்திய கிரேக்கர் செத்துவிட்டார், மனைவி மேல்மாடியில் இருக்கிறா என்று சொன்னாய். நீங்கள் பார்க்கப் போனபோது கோப்பியும் எள்ளு பிஸ்கட்டும் தந்தாவாம். தன் பேரன் மாதிரி இருக்கிறாய் என்றாவாம். அவவிடம் பழைய பத்திரங்கள் பெட்டி பெட்டியாக இருக்கிறதாம். நீ அதைச் சந்தோஷமாகச் சொன்னாய். நான் பயந்தேன். பத்திரத்தைத் தேடுவது சுகம். தேடிப் பிடித்து விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஆளின் பெயர் இருக்கும். அந்த ஆள்மேல் நீ வழக்குப் போட வேண்டும். புருஷன் செத்துவிட்டதால் அந்தப் பெயருக்குப் பதிலாக அவ இருப்பா. சட்டப்படி அது பிழையில்லை, அவவுடைய காசும் போகாது. செய்யாதே என்று நான் சொல்லவில்லை. செய்துவிட்டு, செய்யாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. வாங்குவதென்றால் இரண்டில் ஒன்றைச் செய். முதலே லோயரோடு போய், இப்படி வழக்கு வரும் என்று அவவின் மொழியில் அவவுக்கு விளங்கும்படி முழுதாகச் சொல்லிவிடு. அல்லது அந்தப் பிஸ்கட்டைத் தின்னாதே. தின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்று தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவழியாகத் துணிந்து கஸ்தோனைப் பார்க்கப் போனேன். இப்போது பியர்பொன்ட்ஸில், நிக்கோலின் வீட்டுக்குக் கிட்ட, வயதானவர்கள் இருக்கும் ஒரு கட்டடத்தில் இருக்கிறார். மெட்ரோவிலும் பிறகு இரண்டு பஸ்ஸிலும், மன்னிப்புக் கேட்க வேண்டிய வசனங்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் போய் இருந்தாள். நிக்கோல் நடைபாதையிலேயே என்னை மறித்து, வழக்கைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் பேசாதீர்கள் என்றாள். வழக்குப் போட்டது நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியாதாம். அன்றைக்கு நான் கொண்டுபோன தட்டை ஏதோ எங்கள் பண்டிகைக்கு என்று நினைத்து வடையைத் தின்றுவிட்டு, கடிதத்தைப் பிரிக்காமலே அவளிடம் கொடுத்தாராம். பிறகு வந்த கடதாசிகள் எல்லாவற்றிலும் அவர் சார்பில் அவள்தான் கையெழுத்து. வழக்குக் கடதாசியில் எங்கள் பெயரும் இல்லை. எங்கள் கடையைக் கம்பனியாகப் பதியும்போது அதற்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு வெறும் இலக்கத்தில் பதிந்திருந்தோம், இந்த ஊரில் அது வழக்கம்தானே. அந்த மண் கதைக்குப் பிறகு நாங்கள் எப்படியோ கடையை விற்றுவிட்டோம், எங்களிடம் வாங்கிய ஏதோ ஒரு இலக்கக் கும்பல்தான் தன்மேல் வழக்குப் போட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே போனேன். கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினார். அந்தத் திருட்டுக் கும்பல் உங்களுக்கும் தொல்லை கொடுத்ததா என்று முதல் கேள்வி. கொஞ்சம் என்றேன். தேவாலயத்துச் சாமான் ஒன்று விடாமல் எடுத்து அவர்களை ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு குரலைத் தணித்து, முழங்கால் இப்போது எப்படி என்று கேட்டார். நான் நிக்கோலைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். இத்தனை வருடமாக நான் ஏன் வருவதில்லை என்று அவர் கேட்கும்போதெல்லாம், அவவுக்கு முழங்கால் போய்விட்டது, பஸ் ஏற முடியாது என்று அவள் சொல்லிவந்திருக்கிறாள். அந்த மெஷினுக்கு முன்னால் உன்னை நிறுத்தியது நான்தானே என்று சொல்லி அவர் என் கையைத் தடவினார்.

என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் வரைக்கும் நொண்டிக்கொண்டு போனேன். அவர் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.